மை போட்ட பன்றியும் என் மதினியும்

1

அண்ணனிடமிருந்து வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். ஒன்று கிறிஸ்துமஸுக்கு. மற்றது மழை பிடித்து, தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தகரக் கூரை ஒழுகத் தொடங்கும்போது. போன மாதம் வந்தது இந்த இரண்டிலும் சேராத கடிதம்.

தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் பெயர் பதிகிறார்களாம். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து நம் ஆட்களைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து, இருப்பதா போவதா என்பதைத் தவிர லயத்தில் வேறு பேச்சே இல்லையாம். அண்ணன் இந்தியாவுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார். கண்டியில் உள்ள இந்திய ஆபீஸுக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்திருக்கிறார். கணக்கப்பிள்ளை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறார். ஒரு கட்டம் மட்டும் பாக்கி.

"பொஞ்சாதி பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. எழுதவா வேணாமான்னு தெரியல. பதினோரு வருசமா அவ பொகவந்தலாவையில, நான் இங்க. எழுதாம விட்டா நான் மட்டும் கப்பலேறிப் போயிடலாம். எழுதுனா அவளையும் கூட்டிக்கிட்டுப் போகணும். நீ படிச்சவங்க இருக்குற எடத்துல இருக்க. ஒரு முடிவு சொல்லு."

படித்தவர்கள் இருக்கும் இடத்தில் இருக்கிறேன் என்பது உண்மைதான். இங்கிலாந்தில் ஒரு கால்நடை ஆராய்ச்சிப் பண்ணை. படித்தவர்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நான் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பன்றிக்குத் தீனி வைக்கிறேன். கடல் தாண்டிப் போனவன் கோட்டும் டையுமாக இருப்பான் என்று நினைக்கிற ஊர்க்காரர்கள் மன்னிக்கவும்.

அந்தக் கட்டம் காலியாகக் கிடப்பதற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் நான் துரை பங்களாவின் பன்றிக்காரன். மற்றவர்கள் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மலை ஏறுவார்கள். நான் பங்களாவுக்குப் பின்னால் இருந்த கொட்டிலுக்குப் போவேன். ஆறு பெட்டைப் பன்றி, ஓர் ஆண் பன்றி. காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி இல்லாவிட்டால் துரைக்கு அன்றைய பொழுது விடியாது.

பன்றி வளர்ப்பில் ஒரு முறை உண்டு. பெட்டைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பருவம் வரும். அன்றைக்கு அதன் முதுகில் கையை வைத்து அழுத்தினால் அசையாமல் நிற்கும். ஆண் பன்றியோடு விடுவோம். அடுத்த மூன்று வாரத்தில் பருவம் திரும்பாவிட்டால் சினை பிடித்துவிட்டது என்று சுவரில் கரிக்கோடு போடுவோம். சில பன்றிகளுக்குப் பருவமும் திரும்பாது, வயிறும் பெருக்காது. எங்களை ஏமாற்றிவிட்டதாக அதன் மேல் கோபம் வரும். மூன்று தடவை இப்படி நடந்தால் அந்தப் பன்றிக்கு மை போடுவோம். தேயிலைப் பெட்டிகளில் தோட்டத்தின் பெயரைப் பதிக்க ஸ்டோரில் வைத்திருக்கிற கறுப்பு மை. எங்கள் மலை மழைக்கும் கரையாது. மை போட்ட பன்றியை ஹட்டன் இறைச்சிக்கடைக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போவார். தூரிகையைத் தோய்த்து முதுகில் இழுப்பவன் நான்தான். அந்த வயதில் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

அண்ணன் அந்தோணி அப்போது கொட்டகலைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தார். அவருக்கும் மதினி சவரியம்மாவுக்கும் கல்யாணமாகி ஆறு மாதத்தில் அங்கே வேலைநிறுத்தம். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இருவரும் உடப்புசல்லாவைக்குப் போனார்கள். அங்கே ஒரு வருடம். அந்த லயத்தின் பின்சுவர் ஒரு மழையில் இறங்கிவிட்டது. பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அம்மா, நான், அண்ணன், மதினி. நடுவில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு அந்தப்பக்கம் மதினி இருமினால் இந்தப்பக்கம் அம்மா, "என்னடி?" என்பாள்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டதும் அதே காலத்தில்தான். தொடர்ந்து இந்த நாட்டில் இருந்தோம் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். பிள்ளை உள்ளவர்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அண்ணன் தோட்டம் தோட்டமாக மாறியவர். எந்தத் தோட்டத்து ரெஜிஸ்டர் அவருக்குச் சாட்சி சொல்லும்? விசாரணைக்கு என்று ஒவ்வொரு தடவையும் மதினியையும் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவார். அதிகாரிகள் சிங்களத்தில் கேட்பார்கள், ஒருவர் தமிழில் சொல்வார். மதினி பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். கடைசியில் மனு தள்ளுபடியாகிவிட்டது.

அன்றைக்கு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு புள்ள இருந்திருந்தா பள்ளிக்கூடத்துல பேராவது இருந்திருக்கும். நாடு இல்லாம போனது இவளாலதான்."

பாராளுமன்றம் கூடிச் சட்டம் போட்டுப் பறித்ததை, அம்மா ஒரு பெண்ணின் வயிற்றில் கொண்டுபோய் வைத்தாள். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. திட்டுவதற்குப் பாராளுமன்றம் தூரத்தில் இருந்தது, மதினி பக்கத்தில் இருந்தார்.

அந்த வருடங்களில் மதினி இரண்டு தடவை குளிக்காமல் இருந்தார். முதல் தடவை இரண்டு மாதம் தள்ளிப் போனதும் அம்மா லயம் முழுக்கச் சீனி கொடுத்தாள். மூன்றாம் மாதம் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அடுத்த தடவையும் அப்படியே. கொடுத்த சீனியைத் திருப்பிக் கேட்கிற மாதிரிதான் அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு இருந்தது.

3

மதினிக்கு அந்தத் தோட்டத்தில் ஒரே சிநேகிதி எங்கள் கொட்டிலில் இருந்த ஒரு வெள்ளைப் பன்றி. துரை வேறொரு துரையிடம் வாங்கியது. ரயிலில் வந்து, லொறியில் ஏறி, எங்கள் கொட்டிலில் இறங்கியது. தரை உடைந்து கிடந்ததால் ஒரு மாதத்தில் மூன்று கொட்டில் மாற்றினோம். மற்றப் பன்றிகள் கடித்தன. துரையின் நாய்கள் வேலிக்கு வெளியே நின்று குரைத்தன. மலையிலிருந்து திரும்பும்போது மதினி கொட்டிலில் நின்று அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவார். "வெள்ளச்சி" என்று பெயரும் வைத்திருந்தார். அதுவும் எங்களை இரண்டு தடவை ஏமாற்றியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் கொட்டிலுக்கு வந்தார். வேலியில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ கேட்பது மாதிரிக் கேட்டார்.

"ஏன்டா, சினை புடிக்காத பன்னிய எத்தன நாளு வச்சிருப்பீங்க?"

"மூணு தடவ பாப்போம்."

"அதுக்கப்புறம்?"

"மை போட்ருவோம். சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு தீனி?"

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் ஆசை. தெரியும். தெரிந்துதான் கொஞ்சம் சிரித்துக்கொண்டு சொன்னேன். குடும்பத்தில் கடைசிப் பிள்ளையான என்னிடம் அன்றுவரை யாரும் யோசனை கேட்டதில்லை. கேட்டவுடன் எனக்குத் தலை கனத்துவிட்டது.

கழுநீர் வாளியோடு வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் சொல்லிட்டான்ல. அவனுக்குத் தெரியாததா?" என்றாள். அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு லயம் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் தண்ணீர்ப் பீலியில் வரிசை நிற்கும்போது ஒருத்தி மதினியைப் பார்த்து, "மை போட்டவ வர்றா, வழி விடுங்கடி" என்று சொல்லியிருக்கிறாள். அண்ணனுக்குள் ஏதாவது குறையா என்று ஒருவரும் கேட்கவில்லை. கொட்டிலில்கூட ஆண் பன்றிக்கு நாங்கள் மை போட்டதில்லை.

ஒரு மாதத்தில் மதினியைப் பொகவந்தலாவையில் இருந்த தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கோயிலில் கட்டிய கட்டை அவிழ்க்க முடியாது. ஆகவே "கொஞ்ச நாளைக்கு இருந்துட்டு வரட்டும்" என்றார்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்ததும் மதினி சொன்னார்:

"தம்பி, வெள்ளச்சிக்கு மை போட்றாதீங்க. அது பயந்து போயி கெடக்கு. எடம் பழகட்டும். கொஞ்ச நாளு சும்மா விடுங்க."

"சரி மதினி" என்றேன். இரண்டு வாரம் கழித்து மை போட்டேன். இறைச்சிக்கடைக்காரர் அதை அறுத்தபோது கூடவே இருந்தேன். உள்ளேயிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். நல்ல பன்றிக்கு அந்த இடத்தில் சின்னத் திராட்சைக் குலை மாதிரி ஒன்று இருக்கும். இதில் குலைக்குப் பதிலாகப் பெரிய பெரிய நீர்க்கொப்புளங்கள். "சீக்கு" என்று சொல்லி நாய்க்கு எறிந்தார்.

4

துரை தோட்டத்தை விட்டு ஊர் திரும்பியபோது பன்றிப் பண்ணையில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்றார். பிறந்த நாடு எனக்குப் பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. கண்டியில் மனுப் போட்டு, நான் கண்ணால் பார்த்திராத இந்தியாவின் பாஸ்போர்ட்டில் கப்பலேறினேன். இங்கே எந்த ஆபீஸுக்குப் போனாலும் இதே பாட்டுத்தான். "பிறந்தது சிலோன். பாஸ்போர்ட் இந்தியா. ஏன்?" என்று கேட்பார்கள். முதலில் விளக்கிச் சொல்வேன். இப்போதெல்லாம், "தவறுதலாக" என்று சொல்லிவிடுகிறேன். குறித்துக்கொள்கிறார்கள்.

பிறகு துரையின் சிபாரிசில் இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தேன். வந்த புதிதில் என் இங்கிலீஷ் பெரிய கூத்து. ஒரு பன்றிக்குப் பருவம் தள்ளிப் போனதை டாக்டரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், மரியாதையாக இருக்கட்டுமே என்று, "இது இரண்டு மாதமாகக் குளிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் குழாயைத் திறந்து கழுவிவிடச் சொன்னார். நானும் கழுவிவிட்டேன்.

இந்த டாக்டர் செய்கிற ஆராய்ச்சி, பயமும் அலைச்சலும் பன்றியின் சூலகத்தை என்ன செய்கிறது என்பது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் பயறு அளவில் ஒரு சுரப்பி. சிறுநீரகத்தின் தலையில் அட்ரீனல் என்று இன்னொரு சுரப்பி. உடம்புக்கு ஆபத்து என்றால், பெரிய கங்காணி சின்னக் கங்காணியை அதட்டுவது போல மேலே உள்ளது கீழே உள்ளதை அதட்டும். கீழே உள்ளது ஒரு ஹார்மோனை இரத்தத்தில் அவிழ்த்துவிடும். ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் அது நல்லது. ஆனால் நாள் கணக்கில் அது ஊறிக்கொண்டே இருந்தால், முட்டையை வெளியே விடு என்று சூலகத்துக்கு மூளையிலிருந்து போக வேண்டிய உத்தரவு போவதில்லை. முட்டை இருக்கிற பை வெடிக்காமல் நீர் கோத்து வீங்கிவிடும். பருவமும் வராது. வெளியே இருந்து பார்க்கிறவன் சினை என்று நினைத்துக்கொள்வான்.

டாக்டர் பன்றிகளைப் பயமுறுத்துவதில்லை. மேல் சுரப்பியின் அதட்டலையே ஊசியாகப் போட்டுவிடுகிறார். நான் பன்றியைப் பிடித்துக்கொள்வேன். பிறகு அறுத்துச் சூலகத்தை எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் போடுவார்கள். முதல் போத்தலை என் கையில் கொடுத்து அலுமாரியில் வைக்கச் சொன்னபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே இருந்தவை வெள்ளச்சிக்கு இருந்த அதே நீர்க்கொப்புளங்கள்.

"இது சீக்கு இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை. உடம்பு பயத்துக்குக் கீழ்ப்படிந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"கொட்டில் மாற்றினாலே இப்படி ஆகுமா?"

"ஒரு தடவை மாற்றினால் ஒன்றுமில்லை. இளம் பன்றிக்கு அதனால் பருவம் சீக்கிரம் வருவதும் உண்டு. ஓயாமல் தொந்தரவு செய்தால்தான் ஆபத்து."

"ஊசியை நிறுத்தினால்?"

"சும்மா விட்டால் பல பன்றிகள் சரியாகிவிடும்."

மனிதருக்கும் இப்படித்தானா என்று கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பன்றியைத்தான் தெரியும்" என்றார். நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலியில் சாய்ந்து கேட்ட அண்ணனிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான்.

சும்மா விட்டுப் பார்க்க என்று நாலு பன்றிகளை ஒதுக்கினோம். ஊசியை நிறுத்தி, நல்ல வைக்கோல் போட்டு, ஒரே கொட்டிலில் வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் மூன்று பன்றிகள் என் கைக்கு அசையாமல் நின்றன. வேலையிடத்தில் எனக்கு அழுகை வந்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

5

அண்ணனின் கடிதம் வந்த வாரம் என் மகள் ரோசி பெட்டியைக் கிளறி அண்ணனின் கல்யாணப் படத்தை எடுத்து வந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும், பேச வராது. பேச வராது என்பதைவிடப் பேச மாட்டாள் என்பதே சரி. நான் வேலையிலிருந்து வந்து குளிக்கும்வரை பக்கத்தில் வரவும் மாட்டாள்.

"யார் இந்த ஆன்ட்டி?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஒன் பெரியம்மா."

"எனக்குப் பெரியப்பா மட்டும்தானே?"

அவள் மேல் தப்பில்லை. இந்த ஒன்பது வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு தடவையாவது அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால்தானே அவளுக்குத் தெரியும். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று அண்ணன் எழுதியிருந்தார். என் வீட்டிலும் அது காலியாகத்தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே இரண்டு கடிதம் எழுதினேன். அண்ணனுக்கு எழுதியது சின்னது. "பேரை எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னால பொகவந்தலாவைக்குப் போயி மதினிகிட்ட கேளுங்க. நான் அன்னைக்குக் கொட்டில்ல சொன்னது தப்பு. எனக்குத் தெரியாத விசயத்தச் சொன்னேன்."

மதினிக்கு எழுதியது மூன்று பக்கம். கொப்புளத்தைப் பற்றி, ஊசியைப் பற்றி, வெள்ளச்சியைப் பற்றி, ஊசியை நிறுத்தியதும் சரியாகிப்போன மூன்று பன்றிகளைப் பற்றி. அவர் அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் சொன்னதைத்தான் இங்கே பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதினேன். கடைசியில், "அந்த நாளையில ஒங்களுக்குப் பயமா இருந்துச்சா மதினி?" என்று கேட்டிருந்தேன். மன்னிப்பும் கேட்டிருந்தேன். அண்ணன் வந்தால் மறுக்காமல் கூடப் போகச் சொல்லியும் எழுதியிருந்தேன். எனக்கு யோசனை சொல்கிற பழக்கம் இன்னும் விடவில்லை.

6

மதினியின் பதில் நேற்று வந்தது. அவருக்கு எழுதத் தெரியாது. தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருப்பதால் நானும் அப்படியே தருகிறேன்.

"தம்பிக்கு சவரியம்மா சொல்லி எழுதுறது. ஒங்க கடுதாசிய டீச்சரம்மா ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டுனாங்க. போன ஞாயித்துக்கெழம ஒங்க அண்ணன் வந்தாரு. தல பூரா நரச்சிருச்சு. டீ ஊத்திக் குடுத்தேன். படிவத்துல பேர எழுதவான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து எடம் மாத்திக்கிட்டே இருந்தீங்க. கடைசியா நீங்களே பெட்டியத் தூக்கி பஸ்ஸுல ஏத்துனீங்க. இப்ப கடலத் தாண்டி மாத்தப் பாக்குறீங்க. நான் பதினோரு வருசமா இந்த ஒரு லயத்துல இருக்கேன். இது எனக்குப் பழகிப்போச்சு. யாராச்சும் வந்து தூக்கிப் போட்டா பாத்துக்கலாம், நானா ஏறமாட்டேன்.

பயமா இருந்துச்சான்னு கேட்டிருக்கீங்க. இருந்துச்சு. அப்பவே கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.

இத எழுதவான்னு டீச்சரம்மா யோசிக்கிறாங்க. நான்தான் எழுதச் சொன்னேன். நீங்க அந்த வேலையில இருக்கீங்க, ஒங்களுக்குத் தெரியணும். இங்க வந்த நாலாம் மாசத்துலயிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு மாசம் தவறாம குளிக்கிறேன்.

வெள்ளச்சிக்கு மை போட்டதச் சொல்லிட்டீங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும், ஒங்க மொகத்துல இருந்துச்சு. போவட்டும். ஊசிய நிறுத்துனதும் அந்த மூணு பன்னியும் சரியாயிருச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதக் கேட்டதும் எனக்கு அம்புட்டு சந்தோசம். டீச்சரம்மாவ அந்த எடத்த மட்டும் மூணாவது தடவையும் வாசிக்கச் சொன்னேன். அதுங்க இப்ப குட்டி போட்ருச்சா? எத்தன குட்டின்னு எழுதுங்க."

அண்ணனின் கட்டம் காலியாகவே கண்டிக்குப் போகும். அதை இனி நான் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணன் கப்பலேறுவார், மதினி தங்கிவிடுவார், அவரவர் பெயர் எந்த நாட்டுக் கணக்கில் சேரும் என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் எழுத வேண்டும். பருவம் திரும்பினால் மட்டும் ஆராய்ச்சிக்குப் போதாது. சூலகம் உள்ளே நிஜமாகவே சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஆகவே அந்த மூன்று பன்றிகளையும் அறுத்தோம். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். என் சத்தத்துக்குப் பழகியிருந்ததால் மூன்றும் பயப்படாமல் பின்னால் வந்தன. மூன்றின் சூலகமும் நல்ல குலையாக இருந்தது. போத்தல்கள் அலுமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கின்றன. மதினிக்கு எழுதிய மூன்று பக்கத்தில் இதை மட்டும் விட்டுவிட்டேன்.

நேற்றிலிருந்து பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்துவிட்டேன். "அன்புள்ள மதினிக்கு" என்பதற்கு மேல் ஒரு வரியும் எழுத முடியவில்லை.